‘பிட்சர்’ என்ற ஆங்கிலச் சொல் சாடியையும், பேஸ்பால் ஆட்டக்காரரையும், பூச்சி பிடிக்கும் செடியையும் குறிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஆங்கில அகராதியில் ‘பிட்சர்’ என்று தேடினால் குடம், சாடி என்று பொருள் தரப்பட்டுள்ளது, பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை எறிபவரும் பிட்சர்தான், பூச்சிகளைப் பிடித்து உண்ணும் செடிக்கும் அதே பெயர். இவை மூன்றும் ஒரே சொல்லா, அச்சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் அதை எப்படிச் சொல்வது?

சாடியும் செடியும் ஒரே சொல். பந்தெறிபவர் முற்றிலும் வேறொரு சொல். எழுத்தும் ஒலிப்பும் இன்று ஒன்றாக இருப்பது தற்செயல். இரண்டும் வெவ்வேறு மொழிகளில் பிறந்து, வெவ்வேறு வழிகளில் ஆங்கிலத்துக்குள் வந்து, காலப்போக்கில் ஒரே உருவத்தை அடைந்தவை. அதனால்தான் நல்ல ஆங்கில அகராதிகள் இவற்றை ஒரே சொல்லின் இரு பொருள்களாகக் காட்டாமல், எண்ணிட்ட இரண்டு தனிப் பதிவுகளாகத் தருகின்றன.

மயக்கத்துக்குக் காரணம் சொல்லின் ஈற்றில் இருக்கிறது. ‘டீச்சர்’, ‘டிரைவர்’, ‘பெயின்டர்’ ஆகியவற்றில் வரும் ஈறு, செயலைச் செய்பவரைக் காட்டும் விகுதி. பந்தெறிபவரைக் குறிக்கும் பிட்சரிலும் இருப்பது அதே விகுதிதான்: பிட்ச் செய்பவர் பிட்சர். சாடியைக் குறிக்கும் பிட்சரின் ஈறு அதுவன்று. அது இலத்தீனின் ‘ஆரியும்’ என்ற ஈறு பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த எச்சம். ‘அக்வேரியம்’ என்ற சொல்லில் அந்த ஈறு இன்றும் முழு உருவில் நிற்கிறது. ஆகவே தண்ணீரை ‘பிட்ச்’ செய்வதால் சாடிக்கு அப்பெயர் வந்தது என்று யாராவது விளக்கினால், அது ஒலி ஒற்றுமையைக் கண்டு பின்னால் கட்டிய விளக்கமே.

சாடியின் வரலாறு நீளமானது. ஆங்கிலத்தில் இச்சொல் 13ஆம் நூற்றாண்டில் ‘பிச்செர்’ என்பது போன்ற உருவத்தில் தென்படுகிறது. பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் அடுக்களைக்கும் உணவு மேசைக்கும் வந்து சேர்ந்த எண்ணற்ற பிரெஞ்சுச் சொற்களில் இதுவும் ஒன்று. பழைய பிரெஞ்சில் அது ‘பிச்சியே’. அதற்கு முன்னால் இடைக்கால இலத்தீனில் ‘பிக்காரியும்’ என்ற சொல் இருந்தது. அச்சொல்லின் முதலெழுத்தைச் சில இடங்களில் ‘பல்’ என்பதன் ப போல வன்மையாகவும், சில இடங்களில் ‘பலம்’ என்பதன் ப போல மென்மையாகவும் ஒலித்தனர். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிவதால் இந்த வேறுபாடு நம் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் இங்கே அதுதான் முக்கியம். வன்மையாக ஒலித்த கிளை பிரெஞ்சு வழியாகப் பிட்சர் ஆனது. மென்மையாக ஒலித்த கிளை வடக்கே சென்று பழைய நார்வே மொழியில் ‘பிகார்’ என்றும், ஜெர்மனில் ‘பெஹர்’ என்றும் மாறி, ஆங்கிலத்தில் ‘பீக்கர்’ ஆகியது. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் நாம் கையாளும் அதே பீக்கர்தான். இத்தாலியர் தண்ணீர் குடிக்கும் கண்ணாடிக் குவளையை ‘பிக்கியேரே’ என்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பிரெஞ்சு உணவகங்களில் மதுவை ஊற்றிக் கொண்டுவரும் சிறு கூசாவுக்கு இன்று ‘பிஷே’ என்று பெயர். அதுவும் நெருங்கிய உறவுதான்.

இலத்தீனுக்கும் பின்னால் கிரேக்கத்தின் ‘பீக்கோஸ்’ இருக்கிறது என்பது பலரும் ஏற்கும் கருத்து. பீக்கோஸ் என்பது மது, எண்ணெய் போன்றவற்றை வைக்கும் மண்கலம். யூஃப்ரடீஸ் ஆற்றின் வழியே பாபிலோனுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோல் ஓடங்களை வருணிக்கும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் இச்சொல்லை ஆள்கிறார். பாரசீக இளவரசன் இளைய சைரஸைப் பற்றி எழுதும் கிரேக்க எழுத்தாளர் செனொபோனும் இதை ஆள்கிறார்: மிக நல்ல மது கிடைத்தால் சைரஸ் அதைத் தானே குடித்து முடிக்காமல், பாதி மிஞ்சிய பீக்கோஸைத் தன் நண்பர்களுக்கு அனுப்பி, “நெடுநாளாக இதைவிட இனிய மதுவை நான் குடித்ததில்லை, இன்று உமக்குப் பிரியமானவர்களோடு இதைக் குடித்து முடியும்” என்ற பொருளில் சொல்லி விடுவானாம். இரண்டு இடங்களும் கிரேக்க நாட்டுக்குக் கிழக்கே நடப்பவை என்பதைக் கவனியுங்கள். பீக்கோஸ் கிரேக்கரின் சொந்தச் சொல் அன்று, கிழக்கிலிருந்து கலத்தோடு சேர்ந்து வந்த இரவல் சொல் என்று கருதுவோர் உண்டு. கலங்களின் பெயர்கள் வணிகத்தோடு பயணம் செய்வது வழக்கமாதலால், அக்கருத்து எனக்கும் பொருத்தமாகவே படுகிறது.

பிட்சர் என்ற கலத்தை மற்ற கலங்களிலிருந்து பிரித்துக் காட்டுவன இரண்டு உறுப்புகள்: கைப்பிடி, விளிம்பில் உள்ள மூக்கு. குயவர் கலத்தைச் சக்கரத்தில் வனைந்து முடித்ததும், களிமண் ஈரமாக இருக்கும்போதே, விளிம்பை இரு விரல்களால் இருபுறமும் தாங்கிக்கொண்டு, நடுவில் நனைத்த விரலை வைத்து வெளிப்புறமாக மெல்ல இழுப்பார். அந்த ஒரே இழுப்பில் மூக்கு உருவாகிவிடும். அதன் நுனி கூர்மையாக அமைந்தால் ஊற்றும்போது நீர் சட்டென அறுபடும். மழுங்கியிருந்தால் கலத்தின் வெளிப்புறத்திலேயே வழிந்தோடும். கைப்பிடி பின்னர் தனியே ஒட்டப்படும். இடைக்கால இங்கிலாந்தின் மண் சாடிகள் பலவற்றில் அடிவிளிம்பு முழுவதும் கட்டைவிரலால் அழுத்திய தடங்கள் வரிசையாக இருப்பதை அருங்காட்சியகங்களில் காணலாம். அலங்காரம் போலத் தோன்றினாலும், தொய்ந்து உருண்ட அடிப்பகுதியைக் கொண்ட கலம் மேசையில் ஆடாமல் நிற்கச் செய்வதே அதன் முதற்பயன்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இச்சொல்லின் ஆட்சி வேறுபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கர் வீட்டில் எலுமிச்சைச் சாறு ஊற்றும் அகன்ற வாய்க் கலம் பிட்சர்; அவர்களிடம் ‘ஜக்’ என்றால் குறுகிய கழுத்தும் மூடியும் உள்ள பெரிய கலம். பிரிட்டனில் அந்த அகன்ற வாய்க் கலமே ஜக். பிட்சர் என்றால் பழங்காலத்துப் பெரிய மண்குடம் நினைவுக்கு வரும், அல்லது மதுக்கூடத்தில் நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் பெரிய சாடி. நம் வீடுகளில் அக்கலம் ‘ஜக்கு’ என்றானது பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றியதால்தான்.

பழமொழிகளிலும் சாடி இடம்பெற்றிருக்கிறது. ‘சிறு பிட்சர்களுக்கும் பெரிய காதுகள் உண்டு’ என்ற பொருளுடைய ஆங்கிலப் பழமொழியை, ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே காணலாம். காது என்பது கலத்தின் கைப்பிடிக்கு இருந்த பழைய பெயர். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது பேச்சில் கவனம் வேண்டும் என்பது கருத்து. ‘கிணற்றுக்கு ஓயாமல் போகும் பிட்சர் ஒருநாள் உடைந்துதான் தீரும்’ என்பது மற்றொன்று. நாம் ‘பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான்’ என்று சொல்லும் இடத்திலும் அதை ஆள்வார்கள்.

இனிச் செடிக்கு வருவோம். இங்கே பெயர் உருவத்தைப் பார்த்து இட்டது; சாடியிலிருந்து நேராக வந்தது. நெப்பந்தஸ் என்ற பேரினத்தில் இலையின் நடுநரம்பு இலை நுனியைத் தாண்டிப் பற்றுக்கம்பி போல நீண்டு, அதன் முனை உப்பி, மூடியுடன் கூடிய குடுவையாகிறது. அந்த மூடி பூச்சி விழுந்ததும் சாத்திக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள், அப்படி நடப்பதில்லை. ஒருமுறை திறந்த மூடி அசைவதே இல்லை. பூச்சியை வீழ்த்துவது குடுவையின் விளிம்பு. தேனைச் சுரக்கும் அந்த விளிம்பில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் உள்ளன. மழையாலோ காற்றின் ஈரத்தாலோ அவற்றில் நீர்ப்படலம் பரவியதும், எறும்பின் கால்களுக்குப் பிடிமானமே இல்லாத வழுக்குத் தளமாக விளிம்பு மாறிவிடுகிறது. உள்ளே விழுந்த பூச்சி செரிமான நீரில் மூழ்கிக் கரைய, மண்ணில் போதிய அளவு கிடைக்காத நைட்ரஜனைச் செடி அதிலிருந்து பெறுகிறது.

ஐரோப்பியரில் இச்செடியைப் பற்றி முதலில் எழுதியவர் மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த எத்தியேன் தெ ஃபிளகூர், ஆண்டு 1658. நெப்பந்தஸ் என்ற பெயரைச் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1737இல் இட்டார். கிரேக்கக் கவிஞர் ஓமரின் காவியத்தில், துயரத்தை மறக்கச் செய்யும் மருந்து ஒன்றை எலன் மதுவில் கலப்பதாக வருகிறது. ‘நெப்பெந்தேஸ்’ என்பது அம்மருந்தின் தன்மையைச் சொல்லும் அடைமொழி, ‘துயரற்றது’ என்று பொருள். நீண்ட பயணத்தின் களைப்போடு வரும் தாவரவியலாளர் எவரும் இச்செடியைக் கண்டதும் பட்ட துன்பத்தையெல்லாம் மறந்துவிடுவார் என்பது லின்னேயஸ் சொன்ன காரணம். அவர் 1753இல் முறையாகப் பெயரிட்ட நெப்பந்தஸ் டிஸ்டிலட்டோரியா இலங்கைக்கே உரிய இனம். தீவின் தென்மேற்கு ஈரவலயத்தில் வளர்கிறது, சிங்களத்தில் அதைப் ‘பந்துர’ என்பர். இந்தியாவில் இயல்பாக வளரும் ஒரே நெப்பந்தஸ் மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா. காரோ மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘மேமாங் கொக்சி’, அதாவது பேயின் கூடை. தெற்குக் காரோ மலை மாவட்டத்தில் பாக்மாரா அருகே அதற்கென ஒரு காப்பிடமும் உள்ளது. ஆங்கிலேயர் கண்ணுக்குத் தண்ணீர்ச் சாடியாகத் தெரிந்த உறுப்பு, மலைச்சரிவில் கூடை சுமந்து வாழ்பவர்களுக்குக் கூடையாகத் தெரிந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரியது போர்னியோவின் கினபாலு மலைப்பகுதியில் உள்ள நெப்பந்தஸ் ராஜா. அதன் ஒரு குடுவையில் இரண்டு லிட்டருக்கும் மேல் நீர் கொள்ளும். எலி மூழ்கிக் கிடந்ததையும் கண்டிருக்கிறார்கள். அம்மலையில் வாழும் துபாயா என்ற சிறு விலங்கு அக்குடுவையின் விளிம்பில் ஏறி நின்று, மூடியின் அடியில் சுரக்கும் இனிப்பை நக்கிக்கொண்டே குடுவைக்குள் எச்சமிட்டுச் செல்கிறது. செடிக்கு அந்த எச்சமே நைட்ரஜன் உணவு. அமெரிக்காவின் சரசீனியா, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் உள்ள செஃபலோட்டஸ் ஆகியவற்றையும் பிட்சர் செடி என்றே அழைக்கிறார்கள். ஆயினும் இம்மூன்றும் மூன்று தனிக் குடும்பங்கள். தொலைவான முன்னோர்களிடமிருந்து தனித்தனியே கிளைத்து, வளமற்ற மண்ணில் ஒரே தேவைக்காக ஒரே உருவத்தை அடைந்தவை. உருவ ஒற்றுமையைக் கொண்டு உறவைத் தீர்மானிக்கக் கூடாது என்பது தாவரவியலிலும் சொற்பிறப்பியலிலும் ஒன்றுபோலப் பொருந்தும் விதி.

பந்தெறிபவரைக் குறிக்கும் இரண்டாவது பிட்சர் ‘பிட்ச்’ என்ற வினையிலிருந்து வந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘பிச்சென்’ என்றிருந்த இவ்வினைக்கு முதற்பொருள் குத்துதல், ஊன்றுதல், நிலைநிறுத்துதல். கூடாரம் அடிப்பதை ஆங்கிலத்தில் பிட்ச் செய்வது என்கிறார்களே, அந்தப் பொருள்தான் மூத்தது. கூடாரத்துக்கு முளைகளை மண்ணில் அடித்து இறக்க வேண்டும் அல்லவா? ஓரிடத்தைக் குறிவைத்துக் குத்துவது என்ற பொருள், ஓரிடத்தைக் குறிவைத்து எறிவது என்று விரிந்தது. வைக்கோலைக் குத்தித் தூக்கிப் போருக்கு மேல் எறியும் இருமுனைக் கவைக்கோலை ஆங்கிலத்தில் ‘பிட்ச்ஃபோர்க்’ என்பர். அப்பெயர் தொடக்கத்தில் ‘பிக்ஃபோர்க்’ என்றிருந்து, இவ்வினையின் செல்வாக்கால் மாறியது. குத்துவதும் எறிவதும் ஒரே கையசைவில் நிகழும் கருவி அது.

பேஸ்பாலில் இச்சொல்லின் வரலாறு ஆட்டத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கத்தினர் 1845இல் எழுதிய விதிகளில், மட்டையாளருக்குப் பந்தை ‘பிட்ச்’ செய்ய வேண்டும், ‘த்ரோ’ செய்யக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. கையைத் தாழ்த்தி, இலக்கை நோக்கி இலேசாகப் போடுவதுதான் அன்றைய பிட்ச். கையை ஓங்கி வேகமாக எறிவது த்ரோ. மட்டையாளர் அடிக்கத் தோதாகப் பந்தைப் போட்டுக் கொடுப்பதே பிட்சரின் வேலையாக இருந்தது. பந்து உயரமாக வேண்டுமா தாழ்வாக வேண்டுமா என்று மட்டையாளர் கேட்டுப் பெறும் உரிமை 1887 வரை நீடித்தது. இதற்கிடையே 1884இல் தேசிய லீக் கையை ஓங்கி எறிவதை அனுமதித்தது. பந்தின் வேகம் கூடியதும், 1893இல் பிட்சர் நிற்கும் இடம் 60 அடி 6 அங்குலத் தொலைவுக்குத் தள்ளப்பட்டது. இன்றும் அதே அளவுதான். ஆக, 1845 விதி தடுத்த அதே செயலை இன்று மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செய்பவருக்கு, அந்த விதி அனுமதித்த மென்மையான செயலின் பெயரே நிலைத்துவிட்டது. பிட்சர்கள் மட்டையாளர்களை மிகவும் விஞ்சி நின்ற ஆண்டு 1968. அதன் பிறகு அவர்கள் நிற்கும் மண்மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.

கிரிக்கெட் பார்க்கும் தமிழருக்கு ‘பிட்ச்’ என்றால் 22 கஜ ஆடுகளம். அதுவும் இதே வினைதான். ஸ்டம்புகளை மண்ணில் ஊன்றுவதை 1744ஆம் ஆண்டின் விதிகள் ‘பிட்ச்’ என்றே சொல்கின்றன. ஊன்றும் இடத்துக்குப் பின்னர் அப்பெயர் ஆகிவந்தது. இதைவிட என்னை வியக்க வைப்பது ‘பவுலர்’. கிண்ணத்தைக் குறிக்கும் ‘பவுல்’ பழைய ஆங்கிலச் சொல். பந்தை உருட்டுவதைக் குறிக்கும் ‘பவுல்’ பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் சொல். அங்கேயும் ஒரு கலத்தின் பெயரும் பந்து போடும் செயலின் பெயரும் தற்செயலாக ஒன்றாகியுள்ளன. அங்கேயும் தரையோடு உருட்டிய காலத்துப் பெயரைத்தான் தலைக்கு மேல் கையைச் சுழற்றிப் போடுபவர் சுமக்கிறார்.

வேறு சில பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெருவோர வியாபாரி கடை விரிக்கும் இடம் ‘பிட்ச்’; இன்று முதலீட்டாளர்முன் தொழில் திட்டத்தை எடுத்துரைப்பதும் அந்த வழியில் வந்த ‘பிட்ச்’. லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையில் வண்டியிலிருந்து சரக்கை இறக்கிச் சுமப்பவருக்கும் பிட்சர் என்று பெயர். கும்மிருட்டைக் குறிக்கும் ‘பிட்ச் டார்க்’ மட்டும் வேறு: அதிலுள்ள பிட்ச் தார் போன்ற கரிய கீல், இலத்தீனின் ‘பிக்ஸ்’. பிட்சர் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயரும் கப்பல்களுக்குக் கீல் பூசிய தொழிலாளரிடமிருந்து வந்தது என்று பெயராய்வாளர் கூறுவர். அப்படியானால் அது மூன்றாவது வேர். ஆனால் அமெரிக்க விடுதலைப் போரின் ‘மாலி பிட்சர்’ இக்குடும்பப்பெயரைக் கொண்டவர் அல்லர். 1778 ஜூன் 28 அன்று, கடும் வெயிலில் நடந்த மான்மத் போரில் பீரங்கிப் படையினருக்குத் தண்ணீர் சுமந்த பெண்ணுக்குக் கிடைத்த பட்டப்பெயர் அது. அப்பெயர் பெரும்பாலும் மேரி லுட்விக் ஹேஸ் என்பவரோடு இணைத்துப் பேசப்படுகிறது; போர்க்காலப் பணிக்காகப் பென்சில்வேனியா அரசு 1822இல் அவருக்கு ஆண்டுக்கு 40 டாலர் ஓய்வூதியம் வழங்கியது.

தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. நம் விவிலிய மொழிபெயர்ப்பே அதற்குச் சான்று. கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்பு ‘பிட்சர்’ என்று ஒரே சொல்லை ஆளும் இடங்களில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இடத்துக்கேற்பச் சொல்லை மாற்றுகிறது. ஆதியாகமம் 24இல் ரெபெக்காள் தோளில் சுமந்து வருவது குடம். நியாயாதிபதிகள் 7இல் கிதியோனின் முந்நூறு பேர் தீவட்டியை மறைத்து வைத்திருப்பது பானை. பிரசங்கி 12இல் ஊற்றின் அருகே உடைவது சால். மூன்று இடத்திலும் எபிரேய மூலத்தில் உள்ளது ‘கத்’ என்ற ஒரே சொல்தான். நீர் சுமக்கக் குடம், உடைத்து எறியப் பானை, நீர் இறைக்கச் சால் என்று செயலைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்திருக்கிறார்கள். பின்பற்றத்தக்க முறை இது. குடத்துக்குக் கைப்பிடியும் மூக்கும் இல்லை. சாடி என்றதும் ஊறுகாய் நினைவுக்கு வரும். கெண்டியின் மூக்கு குழாய் போன்றது. கூசாவுக்கு மூடி உண்டு. ஆகவே உணவு மேசையில் இருக்கும் பிட்சரை ‘ஜக்கு’ என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை. பழங்கதையில் கிணற்றடிக்குச் செல்லும் பிட்சரைக் குடம் என்றே எழுதலாம். செடியைக் குடுவைத் தாவரம் என்பது பொருத்தம். பேஸ்பால் பிட்சரை மட்டும் ‘பந்து வீச்சாளர்’ என்று எழுத வேண்டாம். அச்சொல் கிரிக்கெட் பவுலருக்கு நிலைத்துவிட்டது. இருவர் செய்வதும் வேறு வேறு. பவுலர் பந்தைப் போடும்போது முழங்கையை மடக்கி நீட்டி எறியக் கூடாது, பிட்சர் எறிவதே அப்படித்தான். ‘பந்தெறிபவர்’ என்பது அவருக்குச் சரியாக அமையும்.